நஞ்சும் நீதியும்: சென்னையில் மறைந்த பரோடா மன்னர் மல்ஹர்ராவ்

பழங்காலச் சூழலில் அமைந்த துப்பறியும் தொடர்களைத் தொலைக்காட்சியில் நம் மாணவர்கள் விரும்பிக் காண்கின்றனர். ஒரு பெரிய மாளிகை, ஒரு விருந்து, ஒருவர்பின் ஒருவராக நஞ்சுண்டு மாய்வோர், அவர்களைச் சுற்றிப் பல ஐயங்கள். இறுதிக் காட்சியில் துப்பறிவாளர் எழுந்து நின்று குற்றவாளியைச் சுட்டுகிறார். பார்ப்போர் உள்ளத்தில் எஞ்சிய ஐயமெல்லாம் அந்நொடியே அகன்றுவிடுகிறது. கதைக்கு அது அழகு. வாழ்க்கையில் அத்தகைய இறுதிக் காட்சி எப்போதும் வாய்ப்பதில்லை.

அவ்வாறு வாய்க்காமற்போன ஒரு பெருவழக்கு, இற்றைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இந்தியா முழுவதையும் உலுக்கியது. அவ்வழக்கில் நஞ்சிடத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரு நாட்டின் மன்னர். அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும் கண்மூடியதும் நம் சென்னை மாநகரில். பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே நாள்தோறும் சென்னைக்குச் சென்று வரும் நம்முள், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையைக் கடந்து செல்வோர் பலர். அங்குள்ள மகளிர் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் பழம்பெரும் டவுட்டன் இல்லத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்தவர் அவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தாம் பரோடா மன்னர் மல்ஹர்ராவ் கெய்க்வாட் ஆவார்.

சிறையிலிருந்து அரியணைக்கு

கெய்க்வாட் மரபினர் குஜராத்தில் பரோடாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மராட்டியர். இரண்டாம் சயாஜிராவின் மைந்தராக 1831-இல் மல்ஹர்ராவ் பிறந்தார். தந்தைக்குப் பின் 1847-இல் மூத்தவர் கண்பத்ராவும், அவருக்குப் பின் 1856-இல் கண்டேராவும் அரசேற்றனர். அண்ணன்மார் அரியணையில் வீற்றிருக்க, இளையவராகிய மல்ஹர்ராவ் ஐயத்தின் நிழலில் வளர்ந்தார்.

அந்த ஐயம் 1863-இல் வெளிப்பட்டது. அண்ணன் கண்டேராவைக் கொல்லச் சதி செய்தார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் மல்ஹர்ராவ் பாத்ரா என்னும் ஊரில் சிறைவைக்கப்பட்டார். ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்கேயே கழிந்தன. உடன்பிறந்தார் இருவருக்கும் இடையே வளர்ந்த பகை பின்னர் நாட்டையே சுட்டது.

கண்டேராவ் ஆடம்பரத்தில் நாட்டம் மிக்கவர். வெள்ளியால் பீரங்கிகள் வார்த்தவர். பல்லாயிரம் முத்துக்களைக் கோத்து ஒரு விரிப்பையும் அவர் செய்வித்தார். மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்திற்குக் காணிக்கையாக்கவே அது செய்யப்பட்டது என்பர். விரிப்பு மதீனா சென்று சேருமுன் 1870 நவம்பரில் கண்டேராவ் காலமானார். பல கைகள் மாறிய அவ்விரிப்பு 2009-இல் கத்தார் நாட்டின் தோஹா நகரில் ஏலம் விடப்பட்டது.

அண்ணனுக்கு ஆண் மகவு இல்லாமையால் சிறையிலிருந்த தம்பி அரண்மனைக்கு அழைத்துவரப்பட்டார். அப்போது கண்டேராவின் துணைவியார் ஜம்னாபாய் கருவுற்றிருந்தார். ஆண் குழந்தை பிறந்தால் அரசு அதற்கே உரியதாகும். 1871-இல் பெண் குழந்தை பிறக்கவே மல்ஹர்ராவின் அரியணை உறுதியாயிற்று. உயிருக்கு அஞ்சிய ஜம்னாபாய் பூனா சென்று தங்கினார்.

மன்னரும் ரெசிடென்டும்

சிறையில் கழித்த ஆண்டுகள் சிலருக்கு அறிவைத் தரும். சிலருக்கு வஞ்சத்தை வளர்க்கும். மல்ஹர்ராவுக்கு நேர்ந்தது இரண்டாவதே. அண்ணனுக்கு நெருக்கமாக இருந்தோர் பதவி இழந்தனர், பலர் சிறைப்பட்டனர். கண்டேராவின் அமைச்சராயிருந்த பாவு ஷிண்டே சிறையிலேயே மாண்டார். நஞ்சிட்டுக் கொன்றனர் என்னும் பேச்சு ஊரெங்கும் பரவிற்று. குடிகளின் வரிச்சுமை ஏறியது. அண்ணன் வெள்ளியில் வார்த்த பீரங்கிகளுக்குப் போட்டியாகத் தம்பி பொன்னால் பீரங்கிகள் வார்ப்பித்தார். உழவர்களின் முறையீடுகள் குவிந்தன. மல்ஹர்ராவ் நல்லாட்சி தந்த மன்னர் என எவரும் கூற இயலாது, நாமும் கூறவில்லை.

அக்காலத்தில் சுதேச மன்னர்களின் தலைநகரில் ஆங்கில அரசின் பிரதிநிதியாக ரெசிடென்ட் என்னும் அதிகாரி இருப்பார். 1873-இல் அப்பதவிக்கு வந்தவர் கர்னல் ராபர்ட் பேயர். கண்டிப்பும் முன்கோபமும் உடைய அவர் மன்னரின் குறைகளை ஒன்றுவிடாமல் மேலிடத்திற்கு எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் கர்னல் மீட் தலைமையில் ஓர் ஆணையம் அமர்ந்து ஆட்சியின் சீர்கேடுகளை ஆராய்ந்தது. வைசிராய் நார்த்புரூக் பிரபு, 1875 டிசம்பர் இறுதிக்குள் ஆட்சியைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று மன்னருக்குத் தவணை விதித்தார்.

பிற்காலத்தில் இந்தியாவின் முதுபெரும் கிழவர் எனப் போற்றப்பட்ட தாதாபாய் நவ்ரோஜி அவர்களே 1874-இல் பரோடாவின் திவானாகப் பொறுப்பேற்றார். சீர்திருத்த முயன்ற அவருக்கு அரண்மனைக்குள்ளும் தடை; ரெசிடென்டிடமும் தடை. மன்னர் அவ்வாண்டு மணந்த இலட்சுமிபாயையும் அவருக்குப் பிறந்த ஆண் மகவையும் ஏற்க மறுத்த பேயரின் போக்கு, பகையைப் பன்மடங்காக்கியது. ரெசிடென்டை மாற்றுமாறு வேண்டி 1874 நவம்பர் 2 அன்று மன்னர் வைசிராய்க்கு ஓலை விடுத்தார்.

கண்ணாடிக் குவளையில் கண்ட வண்டல்

ஓலை சென்ற ஏழாம் நாள், நவம்பர் 9 அன்று அந்நிகழ்ச்சி நேர்ந்தது. காலை உலா முடித்துத் திரும்பிய பேயர், வழக்கம்போல் மேசைமேல் வைக்கப்பட்டிருந்த பம்பளிமாஸ் சாற்றைச் சில மிடறு பருகினார். உடனே குமட்டல் தோன்றியது. எஞ்சியதை வெளியே ஊற்றியவர், குவளையின் அடியில் கருமையான வண்டல் படிந்திருக்கக் கண்டார். அதற்கு முந்திய நாட்களில் அதே பானத்தைப் பருகியபோது தலைவலியும் மயக்கமும் வந்ததும் அவர் நினைவுக்கு வந்தது. ஆகவே நஞ்சிட்டது ஒருமுறை அன்று, பலமுறை என்னும் முடிவுக்கு வந்தார்.

வண்டலை ஆராய்ந்த மருத்துவர் சீவார்ட் அதில் பாஷாணம் இருப்பதாகக் கண்டார். பம்பாயின் வேதியியல் ஆய்வாளர் கிரே அதனை உறுதி செய்ததுடன், மின்னும் நுண்துகள்கள் வைரத்தூளாக இருக்கலாம் என்றும் தெரிவித்தார். வைரப்பொடியை விழுங்கினால் குடல் அறுந்து சாவர் என்னும் நம்பிக்கை நம் நாட்டில் பழமையானது. உண்மையில் கொல்லும் ஆற்றல் பாஷாணத்திற்கே உண்டு.

நஞ்சைக் கண்டறியும் கலை அக்காலத்தில் புதிதாக வளர்ந்து வந்தது. மிகச் சிறிதளவு பாஷாணத்தையும் புலப்படுத்தும் சோதனையை ஆங்கில வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836-இல் வெளியிட்டார். இந்தியாவில் நஞ்சாய்வுக்கென முதல் ஆய்வுக்கூடம் 1849-இல் நம் சென்னையிலேதான் அமைந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. எனினும் அறிவியலின் எல்லையை இங்கே உணர்தல் வேண்டும். குவளையில் நஞ்சு உண்டு என்பதைச் சோதனைக் குழாய் கூறும். அதனைக் கலந்த கை யாருடையது, ஏவிய வாய் யாருடையது என்பதை அது கூறாது.

துப்புத் துலக்கியோர்

பேயர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். அவரிடத்தில் சர் லூயி பெல்லி வந்தார். துப்புத் துலக்கும் பொறுப்பு பம்பாய்க் காவல் ஆணையர் பிராங்க் சூட்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடன் வந்தோர் மூவர்: பம்பாய்க் காவல்துறையில் பெயர்பெற்ற துப்பறிவாளர் அக்பர் அலி, அவர்தம் மகன் அப்துல் அலி, குஜராத்தைச் சேர்ந்த கஜானந்த் விட்டல். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் கற்பனைத் துப்பறிவாளர் அச்சில் தோன்றியது 1887-இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தந்தையும் மகனுமாகிய இம்முஸ்லிம் துப்பறிவாளர் இருவரும் ஒரு பேரரசின் கவனத்தைத் தம்பால் ஈர்த்திருந்தனர்.

ரெசிடென்டின் மாளிகையில் பணிபுரிந்தோர் வினவப்பட்டனர். அமீனா என்னும் ஆயா, தாம் இரவில் அரண்மனைக்குச் சென்று மன்னரைக் கண்டதாகக் கூறினார். ராவ்ஜி என்னும் ஹவில்தார், மன்னிப்பு வழங்குவதாக உறுதி கூறப்பட்ட பின், தாமே பானத்தில் பொடியைக் கலந்ததாக ஒப்புக்கொண்டார். ஜமேதார் நர்சுவும் உடந்தை என்றார். அவரும் வாக்குமூலம் தந்தார். மன்னரின் அந்தரங்கச் செயலாளர் தாமோதர் பந்த் பல நாட்கள் காவலில் இருந்த பின்னர், பாஷாணமும் வைரமும் மன்னர் ஆணைப்படி தாம் வாங்கித் தந்ததாகக் கூறினார்.

இவற்றுள் மிக வலிய சான்றாக முன்வைக்கப்பட்டது ஒரு சிறு பொட்டலம். சேவகர் அணியும் இடுப்புப் பட்டையில் ராவ்ஜி மறைத்து வைத்திருந்ததாகக் கூறப்பட்ட அப்பொட்டலத்தை அக்பர் அலி கண்டெடுத்தார். அதிலும் பாஷாணமே இருந்தது. அவ்வளவில் துப்பறியும் கதையாயின் முடிந்திருக்கும். 1875 ஜனவரியில் மன்னர் காவலில் வைக்கப்பட்டார். அதே திங்களில் நவ்ரோஜி பதவி விலகிப் பரோடாவை விட்டு நீங்கினார்.

அறுவர் அமர்ந்த மன்றம்

1875 பிப்ரவரி 23 அன்று பரோடாவில் விசாரணை ஆணையம் கூடியது. வங்காளத் தலைமை நீதிபதி சர் ரிச்சர்டு கௌச் தலைவர். மீட், மெல்வில் ஆகிய ஆங்கிலேயர் இருவர். குவாலியர் மன்னர் ஜெயாஜிராவ் சிந்தியா, ஜெய்ப்பூர் மன்னர் ராம்சிங், அறிஞர் சர் தினகர்ராவ் ஆகிய இந்தியர் மூவர். ஆக ஆங்கிலேயர் மூவர், இந்தியர் மூவர் என அறுவர் அமர்ந்தனர். ஒரு மன்னரை மன்னர்களே அமர்ந்து விசாரித்த காட்சி நாடு முன்னர்க் கண்டறியாதது.

மன்னரின் சார்பில் வழக்காட இங்கிலாந்திலிருந்து புகழ்பெற்ற வழக்கறிஞர் பேலண்டைன் வரவழைக்கப்பட்டார். சான்றுகளை அவர் ஒவ்வொன்றாகக் குறுக்கு விசாரணையில் உரசிப் பார்த்தார். முதன்மையான சாட்சிகள் மன்னிப்புப் பெற்றோர் அல்லது காவலில் இருந்தோர். தம் உயிரைக் காக்கப் பிறர்மேல் பழி சுமத்த அவர்களுக்குக் காரணம் உண்டு. பட்டையோ அதற்குள் வேறொரு சேவகரிடம் மாறியிருந்தது. ராவ்ஜி பிடிபட்டபோது காணாத பொட்டலம் அவர் ஒப்புதல் தந்த சில நாட்களின் பின் வெளிப்பட்டது எவ்வாறு என வினவினார். வைரம் விற்றதாகக் கூறப்பட்ட வணிகரும் மன்றத்திற்கு வந்தபின் முன்னர்க் கூறியதை மறுத்தார். பொட்டலத்தைத் துப்பறிவாளர்களே வைத்திருக்கலாம் என்னும் அளவுக்கு அவர் வாதம் சென்றது.

இங்கே நாம் ஒன்று கூறுதல் கடமை. அக்பர் அலியும் அப்துல் அலியும் நம் சமுதாயத்தவர் என்பதனால் அவர்கள் குற்றமற்றவர் என்று கொள்ளுதல் முறையன்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழித்தார் என்பதனால் அவர்கள் பொய்ச்சான்று படைத்தனர் என்று முடிவுகட்டுதலும் முறையன்று. மன்னருக்கு நாம் எந்த அளவுகோலைக் கேட்கிறோமோ அதே அளவுகோல் அவர்களுக்கும் உரியது. மெய்ப்பிக்கப்படாத பழி யார்மேல் விழுந்தாலும் அது பழியாகவே நிற்கும், தீர்ப்பாகாது.

மார்ச் திங்கள் இறுதியில் அறுவரும் தம் கருத்தை அளித்தனர். ஆங்கிலேயர் மூவரும் மன்னர் நஞ்சிடத் தூண்டியது உண்மை என்றனர். இந்தியர் மூவரும் அக்குற்றம் மன்னர்மேல் மெய்ப்பிக்கப்படவில்லை என்றனர். ஒரே மன்றில் ஒரே சாட்சிகளைக் கேட்ட அறுவர் செம்பாதியாகப் பிரிந்தனர். அப்பிரிவு இனத்தின் வழியே அமைந்தது என்பதே இவ்வழக்கின் நெஞ்சை உறுத்தும் செய்தியாகும்.

அரசு அடுத்து எடுத்த நடவடிக்கை எண்ணிப் பார்க்கத்தக்கது. 1875 ஏப்ரல் 19 நாளிட்ட அறிவிப்பின் மூலம் மல்ஹர்ராவ் அரியணையிலிருந்து நீக்கப்பட்டார். நஞ்சிட்ட குற்றம் அதற்குக் காரணமாகக் காட்டப்படவில்லை. தீய ஒழுக்கமும் கொடிய ஆட்சிச் சீர்கேடும் சீர்திருத்த இயலாமையுமே காரணங்களாகக் காட்டப்பட்டன. அக்காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் ஆட்சியைச் செம்மைப்படுத்த அவருக்கு அளித்த தவணை முடிய இன்னும் எட்டுத் திங்கள் எஞ்சியிருந்தன. நஞ்சுக் குற்றத்தை விசாரிக்கத் தொடங்கி, அது முடிவுபெறாதபோது வேறு குற்றத்தைக் காட்டித் தண்டித்தமை மக்கள் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தன. வங்காளத்தில் அமிர்தலால் பாசு அவ்வாண்டே இவ்வழக்கை வைத்து, வைரத்தூள் என்னும் பொருள்பட ஹீரக்சூர்ணம் என்னும் நாடகத்தை எழுதினார். அரண்மனை நஞ்சு அரங்கிற்கு வந்தது. மறு ஆண்டு, 1876-இல், நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அரசு கொண்டுவந்தது. அதற்கு வேறு நாடகங்களும் காரணமாயின.

சென்னைக்கு வந்த மன்னர்

ஏப்ரல் 22 அன்று மல்ஹர்ராவ் பரோடாவிலிருந்து சென்னைக்கு அனுப்பப்பட்டார். பொன் பீரங்கி வார்த்தவருக்கு இறுதியில் கிடைத்தது நுங்கம்பாக்கத்தில் ஒரு காவல் மாளிகை. மொழியும் மக்களும் புதியவர், அதிகாரம் இல்லை, மீள வழியும் இல்லை. அண்ணன் அரசாண்டபோது ஏழாண்டுகள் சிறையிலிருந்தவர், அரசிழந்த பின்னும் ஏழாண்டுகள் காவலிலிருந்தார். இடையில் அரசாண்டது ஐந்தாண்டுகளுக்கும் குறைவே. 1882-இல் தம் ஐம்பத்தோராம் அகவையில் சென்னையிலேயே அவர் காலமானார். அவர் தங்கியிருந்த டவுட்டன் இல்லத்தில் 1916 முதல் மகளிர் கல்லூரி நடந்து வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நடந்த கூடங்களில் இன்று பெண்கள் கல்வி பயில்கின்றனர்.

வரலாறு இங்கே ஒரு விந்தையான கொடுக்கல் வாங்கலைச் செய்தது. பரோடா தன் மன்னரை நம்மிடம் அனுப்பிய அதே 1875-இல், நாம் பரோடாவுக்கு ஓர் அமைச்சரை அனுப்பினோம். குடந்தையில் பிறந்து சென்னையில் பயின்ற சர் டி. மாதவராவ் அங்கே திவானாகச் சென்றார். ஜம்னாபாய் தத்தெடுத்த பன்னிரண்டு அகவைச் சிறுவர், மூன்றாம் சயாஜிராவ் என்னும் பெயருடன் அரியணை ஏறினார். மாதவராவ் 1882 வரை அந்நாட்டின் நிருவாகத்தைச் செப்பனிட்டார். வளர்ந்த சயாஜிராவ் 1939 வரை ஆண்டு, கட்டாயத் தொடக்கக் கல்வியும் நூலகங்களும் தந்து புகழ்பெற்றார். அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கா சென்று பயில உதவித்தொகை அளித்தவரும் அவரே. பரோடாவுக்கு நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. அந்நன்மையைக் கொண்டு முன்னர் நிகழ்ந்த நீதிப் பிழையை மறைத்தல் மட்டும் ஆகாது.

நாம் பெறும் பாடம்

தமிழ் பயிலும் நமக்கு இவ்வரலாறு ஒரு பழைய காப்பியத்தை நினைவூட்டும். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்ற பாண்டியன், கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். பொய்ச்சான்று வெளிப்பட்டபோது அவன் தன் உயிரையே ஈந்து நீதியை நிலைநிறுத்தினான். கோவலன் நல்லவன் ஆதலால் அவனுக்காக நாம் கண்ணீர் விடுகிறோம். மல்ஹர்ராவ் நல்லவர் அல்லர். அவருக்காகக் கண்ணீர் விடுவோர் அரியர். ஆனால் நீதியின் உண்மையான உரைகல் இங்கேதான் உள்ளது. நாம் விரும்புவோருக்கு நீதி கேட்பது எளிது. நாம் வெறுப்போருக்கும் அதே நீதியைக் கேட்பதே அரிது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை நம்மை நீதியினின்று பிறழச் செய்துவிடலாகாது எனத் திருக்குர்ஆன் இறைநம்பிக்கையாளரை எச்சரிக்கிறது. ஐயங்களுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும் அது அறிவுறுத்துகிறது. ஐயத்திற்கு இடமிருக்குமாயின் கடுந்தண்டனையைத் தவிர்த்தல் வேண்டும் என்பதே இஸ்லாமியச் சட்ட மரபின் கொள்கையுமாகும்.

வழக்கும் விசாரணையும் நம் பூந்தமல்லிக்குப் புதியனவல்ல. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் இங்குள்ள தனி நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஒரே சான்றுகளை இரு மன்றங்கள் எடைபோடும்போது எத்துணை உயிர்கள் அந்தத் தராசில் தொங்குகின்றன என்பதை இவ்வூரார் கண்டறிந்துள்ளோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞராகவும் காவல் அதிகாரியாகவும் நீதிபதியாகவும் வரலாம். வேறு பணி ஏற்போரும் வீட்டிலும் தெருவிலும் ஜமாஅத்திலும் நாள்தோறும் யாரோ ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியே வாழ்கிறோம். ஒருவர் முன்னர்த் தீயவராக இருந்தார் என்பது இன்றைய குற்றத்திற்குச் சான்றாகாது. அச்சத்தினால் பிறந்த சாட்சி முழுச் சாட்சியாகாது. நம்மவர் கூறினார் என்பதனால் ஒன்று மெய்யாகிவிடாது. மற்றவர் கூறினார் என்பதனால் பொய்யாகியும் விடாது.

பரோடாவின் அந்தக் குவளையில் நஞ்சிட ஏவியவர் யார் என்பதை அறுவர் கூடியும் ஒருமனதாகக் கூற இயலவில்லை. அறியாததை அறியாதது என்று கூறும் துணிவு அவர்களுள் மூவருக்கு இருந்தது. அடுத்த முறை கல்லூரிச் சாலை வழியே செல்லும்போது அப்பழைய மாளிகையை ஒருகணம் நின்று நோக்குங்கள். பாஷாணம் ஓர் உடலைக் கொல்லும். ஆராயாத தீர்ப்பு நீதியின் மேல் மக்கள் கொண்ட நம்பிக்கையையே கொல்லும். அந்நஞ்சு நம் நாவில் கலவாதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!